100 நாள் வேலை 125 நாளாகுது... மரக்காணம் உப்பளத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? முழு விளக்கம்

கிழக்கு கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போறவங்க மரக்காணத்தைத் தாண்டாமல் போக முடியாது. சாலையோரம் வரிசையா உப்பு அம்பாரம், கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடியிருக்கும். போட்டோ எடுக்க வண்டியை நிறுத்துறவங்களும் உண்டு.

பொங்கல் முடிஞ்சா அந்த உப்பளங்களில் சீசன் வேலை தொடங்கும். பாத்தியில் தேங்கிய மழைநீரை இறைக்கணும், சேற்றை அள்ளணும், தரையை மிதிச்சு கெட்டியாக்கணும். அதுக்கப்புறம்தான் உப்பு.

இந்த நேரத்தில் தொழிலாளிகள் மத்தியில் ஒரு கேள்வி சுத்துது. '100 நாள் வேலை இனிமே 125 நாளாமே, நமக்கும் உண்டா?'

பதில், உங்க வீடு எந்தப் பக்கம் இருக்குங்கிறதைப் பொறுத்தது. கேட்க விநோதமா இருந்தாலும் உண்மை அதுதான். மரக்காணம் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுது. ஒரு பக்கம் பேரூராட்சி, மறுபக்கம் கிராம ஊராட்சிகள். உப்பளம் ஒண்ணுதான், வேலை ஒண்ணுதான். ஆனா அரசு உதவி வேற வேற.

எது யாருக்குக் கிடைக்கும், யாரிடம் கேட்கணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதுச் சட்டத்தில் என்ன இருக்கு?

100 நாள் வேலைத் திட்டம் 2005-ல் சட்டமாச்சு. 2006 பிப்ரவரி 2-ம் தேதி முதல் கட்டமாக நாடு முழுவதும் 200 மாவட்டங்களில் தொடங்கினாங்க. அதில் தமிழ்நாட்டுக்கு 6 மாவட்டம். விழுப்புரமும் அந்த ஆறில் ஒன்று. அதாவது, இந்தத் திட்டத்தை முதன்முதலில் பார்த்த மாவட்டங்களில் மரக்காணம் இருக்கும் மாவட்டமும் உண்டு.

இப்போது அதற்குப் பதிலாக 'விக்சித் பாரத் ஜி ராம் ஜி' என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. 2025 டிசம்பர் 18-ல் மக்களவையிலும், தொடர்ந்து மாநிலங்களவையிலும் நிறைவேறியது. டிசம்பர் 21-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார்.

முக்கிய மாற்றங்கள் மூன்று.

ஒன்று: ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் என்பது 125 நாளாகிறது.

இரண்டு: பழைய முறையில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே கொடுத்தது. இனி பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். தமிழ்நாடு இதை எதிர்த்ததற்கு முக்கியக் காரணம் இந்தச் சுமைதான்.

மூன்று: விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாட்கள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். விவசாய வேலைக்கு ஆள் கிடைக்கணும் என்பதற்காக.

மூன்றாவது விஷயத்தை நினைவில் வெச்சுக்கோங்க. உப்பளத் தொழிலாளிக்கு அதுதான் பெரிய விஷயம். பின்னாடி வருவோம்.

சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் தன் திட்டத்தை வகுக்கணும். அதனால் நாளைக்கே 125 நாள் வேலை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மரக்காணம் கிராமமா, நகரமா?

பார்க்க எப்படி இருந்தாலும், சட்டப்படி மரக்காணம் நகர்ப்புறம். அது ஒரு பேரூராட்சி. சென்னை மாநகராட்சியும் மரக்காணம் பேரூராட்சியும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் நகர்ப்புற உள்ளாட்சிதான்.

2005-ம் ஆண்டுச் சட்டம் 'கிராமப்புறம்' என்பதை இப்படித்தான் வரையறுத்தது: நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புக்குள்ளோ, கன்டோன்மென்ட் வாரியத்துக்குள்ளோ வராத பகுதி. அவ்வளவுதான். மக்கள் என்ன தொழில் செய்றாங்க, வருமானம் எவ்வளவு, வீடு ஓலையா ஓடா என்ற கேள்வியே அதில் கிடையாது.

அதனால், பேரூராட்சிக்குள் ஓலை வீட்டில் இருக்கும் உப்பளத் தொழிலாளிக்கு 100 நாள் வேலை அட்டை கிடையாது. புதுச் சட்டமும் கிராமப்புறக் குடும்பங்களுக்கானதுதான். 100 என்பது 125 ஆனாலும், பேரூராட்சிக்குள் இருப்பவருக்கு அது பூஜ்யம்தான்.

ஒரே உப்பளம், ரெண்டு குடும்பம்

ஒரு உதாரணத்துக்கு இரண்டு குடும்பங்களை எடுத்துக்குவோம். ஒன்று மரக்காணம் பேரூராட்சி வார்டு ஒன்றில் இருக்கு. இன்னொன்று பக்கத்தில் கந்தாடு போன்ற ஒரு கிராம ஊராட்சியில். இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே அளத்தில், ஒரே கூலிக்கு உப்பு சுமக்கிறாங்க.

மழை தொடங்கினதும் இருவருக்கும் வேலை நிற்கும்.

ஊராட்சிக் குடும்பம் 100 நாள் வேலைக்குப் போகலாம். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கான நாள் கூலி 336 ரூபாய். 100 நாளும் கிடைத்தால் ஆண்டுக்கு 33,600 ரூபாய். 125 நாளானால், இதே கூலிக்கணக்கில், 42,000 ரூபாய்.

நிஜத்தில் முழு 100 நாள் கிடைப்பது அபூர்வம். நாடு முழுவதும் சராசரி சுமார் 50 நாள்தான். அப்படிப் பார்த்தாலும் 16,800 ரூபாய் வருது.

பேரூராட்சிக் குடும்பத்துக்கு இந்த வழியே இல்லை. கட்டட வேலை, ஓட்டல் வேலை, கடன் என்று சமாளிக்கணும். மழைக்காலத்தில் கட்டட வேலையும் பாதி நாள் இருக்காது.

ரெண்டு வீட்டுக்கும் நடுவில் சில நூறு மீட்டர் தூரம்கூட இருக்கலாம். வருமான வித்தியாசமோ ஆயிரக்கணக்கில்.

மழைக்காலத்தில் உப்பளத்துக்கு என்ன ஆகும்?

உப்பு விளைய மூன்று வேணும்: உவர்நீர், வெயில், காற்று. பாத்தியில் கட்டிய உவர்நீர் வெயிலில் சுண்டி, அடர்த்தி ஏறி, கடைசியில் உப்பாகப் படியும். அதை வாரி வரப்பில் குவிச்சு, தண்ணீர் வடிஞ்சதும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் போடுவாங்க.

நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் போச்சு. பல நாள் சுண்டிய உவர்நீர் மறுபடி சாதாரண தண்ணியாகிடும். மே மாதம் திடீர்னு ஒரு கோடை மழை வந்தாலே சில நாள் கூலி போயிடும். வடகிழக்குப் பருவமழையில் கேட்கவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உற்பத்தி நின்றுவிடும்.

மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் உப்பளம் இருக்கு. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து எல்லோரும் சொல்லும் பெயர் மரக்காணம்தான். அவ்வளவு பரப்பும் மூன்று மாதம் தண்ணிக்குள் இருக்கும்.

புயல் வந்தால் பாதிப்பு அடுத்த சீசன் வரைக்கும் நீளும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போது இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. மரக்காணம் உப்பளங்களும் மூழ்கின. அப்படி மூழ்கினால் வரப்பு உடையும், பாத்தியில் சேறு படியும், சரியாக மூடாத அம்பாரம் கரையும். சீர் செய்யவே வாரக்கணக்கில் ஆகும். சீசன் தள்ளிப்போகப் போக, தொழிலாளிக்கு வேலையில்லாத நாளும் கூடும்.

அப்போ மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய்?

ஆமாம், அது இருக்கு. இந்தக் கோட்டைப் பார்க்காமல் இரண்டு பக்கத்துக்கும் வருவது இது ஒன்றுதான்.

உற்பத்தி இல்லாத மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் 'நெய்தல்' உப்பு அறிமுகமானதும் அதே ஆண்டுதான்.

மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய். நாள் கணக்கில் பிரித்தால் ஏறக்குறைய 55 ரூபாய். போதுமா என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட அடிப்படையான கேள்வி, உங்க பெயர் பட்டியலில் இருக்கா?

இங்கதான் நிறைய பேர் தவறவிடுறாங்க. இந்த உதவிக்கு அடிப்படை, தொழிலாளர் நல வாரியத்தில் உப்பளத் தொழிலாளியாகப் பதிவு. உப்பளத்தில் இருபது வருஷம் வேலை பார்த்திருந்தாலும், பதிவு இல்லை என்றால் அரசுக் கணக்கில் நீங்க உப்பளத் தொழிலாளி இல்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கு. 2021-ல் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் அட்டையை வெச்சுக்கிட்டு, 'நான் பதிவு பண்ணிட்டேனே' என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேற, மாநில நல வாரியப் பதிவு வேற. ஒன்று இருந்தால் இன்னொன்று தானாக வராது.

நல வாரியப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 18 முதல் 60 வயது வரை பதியலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மறந்து விட்டால், உதவி வரும் நேரத்தில்தான் அட்டை காலாவதியானது தெரியும். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, இயற்கை மரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று மற்ற உதவிகளுக்கும் இதே பதிவுதான் வாசல்.

மீனவருக்கு உண்டு, விவசாயிக்கு உண்டு... உப்புக்கு?

மரக்காணம் கரையில் மூன்று தொழில் அடுத்தடுத்து நடக்குது. கடலில் மீன், கரையில் உப்பு, உள்ளே தள்ளி விவசாயம். ஒரே புயல் மூன்றையும் அடிக்கும். நிவாரண விதிகள் மட்டும் மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது தவிர மீன் குறைந்த காலத்துக்கான உதவித்தொகை தனி.

விவசாயிகளுக்கு, ஃபெஞ்சல் புயலின்போது பாதிக்கப்பட்ட நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் என்றும் அப்போது அறிவித்தாங்க. உப்பளத் தொழிலாளிக்கு வந்ததும் இந்தப் பொது உதவிதான். உப்புக்கென்று தனியாக ஒன்றும் வரவில்லை.

காரணம், பேரிடர் நிவாரண விதிகளில் பயிர், கால்நடை, மீன்பிடி, கைத்தறி என்று தலைப்புகள் இருக்கு. உப்பு இல்லை. உப்பு விளைச்சல் என்று பேச்சுவழக்கில் சொல்றோம். அரசு ஏட்டில் அது பயிர் கிடையாது, தொழில்.

அதுவும் யார் கையில் இருக்கும் தொழில்? அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலில் 58-வது இனம் உப்பு. உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய அரசிடம். மரக்காணம் உப்பள நிலங்களிலும் மத்திய அரசு நிலம், மாநில அரசு நிலம் என்று இரண்டும் உண்டு. தொழிலாளர் நலம் பார்ப்பது மாநிலத் தொழிலாளர் துறை. தொழிலாளி வீட்டு வாசலில் குப்பை அள்ளுவது பேரூராட்சி.

இத்தனை பேர் இருப்பதால்தான், ஒரு குறையைச் சொல்லப் போனால் 'அது எங்க வேலை இல்லை' என்ற பதில் சுலபமாக வருது. பல நேரம் அந்தப் பதில் உண்மையும்கூட.

இப்போ அந்த 60 நாள் விஷயம்

கிராம ஊராட்சியில் இருக்கும் உப்பளத் தொழிலாளிகள் கவனிக்க வேண்டிய பகுதி இது.

புதுச் சட்டப்படி, விவசாய வேலை மும்முரமாக இருக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலை உறுதித் திட்டம் நிற்கும். எந்த 60 நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்கும்.

விழுப்புரம் மாவட்டத்தில் சம்பா நடவு வேலை மழையை ஒட்டித்தான் நடக்கும். அந்த நாட்களைக் கணக்கில் எடுத்து அக்டோபர், நவம்பரில் வேலையை நிறுத்தினால் என்ன ஆகும்? உப்பளத் தொழிலாளிக்கு உப்பளமும் மூடியிருக்கும், 100 நாள் வேலையும் மூடியிருக்கும். வருஷத்தில் எந்த மாதம் அந்த வேலை அவசியமோ, அதே மாதம் இல்லாமல் போகும். 25 நாள் கூடக் கிடைக்குது என்ற சந்தோஷத்தில் இதைக் கவனிக்காமல் விட்டுடக்கூடாது.

நடவு வேலைக்குப் போகலாமே என்று கேட்கலாம். சிலர் போவாங்க. ஆனால் உவர் மண் கரையோரக் குப்பங்களில் நெல் வயல் எத்தனை இருக்கு?

இதுக்கு வழி சட்டத்திலேயே இருக்கு. மாநிலம் முழுக்க ஒரே தேதி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாவட்டம், வட்டாரம், ஊராட்சி அளவில்கூட உள்ளூர் நிலைமைக்குத் தகுந்தபடி வெவ்வேறு தேதி அறிவிக்கலாம். மரக்காணம் ஒன்றியத்தில் உப்பளத் தொழிலாளர் அதிகம் இருக்கும் ஊராட்சிகளுக்கு மழைக்காலத்தை விட்டுவிட்டு வேறு மாதங்களில் இடைவெளி வைக்கலாம். உப்பளத்தில் வேலை நிறைய இருக்கும் கோடையில் வைத்தால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

ஆனால் அந்தத் தேதிகள் விவசாயத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். உப்பையும் கணக்கில் எடுங்க என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அது பேச்சுக்கே வரும்.

இந்தக் கோடு எப்பவுமே இங்கதான் இருந்ததா?

இல்லை. எது நகரம், எது கிராமம் என்பது ஒரு அரசாணையில் மாறக்கூடியதுதான்.

2004-ல் தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை 'சிறப்பு கிராம ஊராட்சி' என்று அன்றைய அ.தி.மு.க. அரசு மாற்றியது. கிராமப்புறத்துக்கான மத்திய நிதி கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2006-ல் ஆட்சி மாறியதும் தி.மு.க. அரசு அவற்றை மறுபடி பேரூராட்சிகளாக்கியது. ஊர் அதேதான், தெரு அதேதான், பெயர்ப்பலகைதான் மாறிச்சு.

2025 தொடக்கத்தில் 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகளுக்கான அறிவிப்பு வந்தது. பல கிராம ஊராட்சிகளைப் பக்கத்து நகரங்களோடு இணைக்கும் முடிவும் வந்தது. உடனே பல மாவட்டங்களில் மக்கள் சாலைக்கு வந்து போராடினாங்க. முதல் காரணம், 100 நாள் வேலை போயிடும். இரண்டாவது, வரி ஏறும். நகரமானால் என்ன இழப்போம் என்பது அவங்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

மரக்காணம் அந்த இழப்பைப் பல வருஷமாகவே சுமந்துக்கிட்டு இருக்கு.

இத்தனைக்கும் இது இன்று நேற்று முளைத்த ஊர் இல்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கு. பட்டினம் என்ற பெயர் பழசுதான். ஆனால் உப்பு சுமக்கும் குடும்பத்துக்கு அந்தப் பட்டினப் பெருமையால் மழைக்காலத்தில் அடுப்பு எரியாது.

நகரத்துக்கும் வேலை உறுதி தர முடியுமா?

முடியும். பக்கத்து மாநிலத்திலேயே இருக்கு. கேரளாவில் அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் 2010 முதல் நடக்குது. ராஜஸ்தான் 2022-ல் நகர்ப்புறத்துக்கான வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியது.

தமிழ்நாடும் முயற்சி செய்தது. 2021-22-ல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 100 கோடி ரூபாயில், தேர்ந்தெடுத்த சில மாநகராட்சி மண்டலங்கள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் சோதனை முறையில் தொடங்கினாங்க. மழைநீர் வடிகால் தூர்வாருதல், நீர்நிலைகளைச் சீரமைத்தல், மரம் நடுதல் போன்ற வேலைகள். எல்லாப் பேரூராட்சிக்குமான உரிமையாக அது வளரவில்லை.

மரக்காணத்துக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால் வேலைக்குப் பஞ்சம் இருக்காது. மழைக்கு முன்னால் வடிகால் சுத்தம், மழைக்குப் பின்னால் சேறு அள்ளுதல், குளம் குட்டை சீரமைப்பு. பக்கத்திலேயே கழுவேலி இருக்கு. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சர் தலமாகவும் அறிவித்த 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட சதுப்பு நிலம் அது. அதைச் சுற்றியுள்ள வாய்க்கால்களைப் பராமரிக்கவே எத்தனையோ கை வேணும்.

பேரூராட்சியாக இருப்பதில் லாபமே இல்லையா?

இருக்கு. அதையும் சொல்லணும். செயல் அலுவலர் தலைமையில் தனி அலுவலகம், வீட்டு வாசலில் குப்பை சேகரிப்பு, தெருவிளக்கு, குடிநீர், கட்டட அனுமதி எல்லாம் ஊருக்குள்ளேயே முடியும். தெரிஞ்சுக்க வேண்டிய இரண்டு சின்ன விஷயம்:

சொத்து வரி: அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் அபராதம்.

பிறப்பு, இறப்புப் பதிவு: 21 நாளுக்குள் கட்டணம் இல்லை. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றுதான் முக்கிய ஆதாரம். அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

எந்தப் பிரச்னைக்கு எந்த ஆபீஸ்?

தப்பான ஆபீஸுக்கு அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

குப்பை, தெருவிளக்கு, உள்தெரு, வடிகால், சொத்து வரி (பேரூராட்சிக்குள்): மரக்காணம் பேரூராட்சி அலுவலகம்.

இதே பிரச்னைகள், கூடவே 100 நாள் வேலை அட்டை (கிராம ஊராட்சியில்): உங்க ஊராட்சி அலுவலகம். அங்கே நடக்கலைன்னா மரக்காணம் ஊராட்சி ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர்.

புயல், வெள்ள நிவாரணம், பட்டா, வருமானச் சான்று: வருவாய்த் துறை. முதலில் கிராம நிர்வாக அலுவலர், அடுத்து வட்டாட்சியர் அலுவலகம். இதில் பேரூராட்சிக்கு அதிகாரம் இல்லை.

நல வாரியப் பதிவு, 5,000 ரூபாய் நிவாரணம், ஓய்வூதியம்: தொழிலாளர் துறை. விழுப்புரத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம். பதிவை ஆன்லைனிலும் செய்யலாம். அதற்காக மட்டும் விழுப்புரம் வரை போக வேண்டியதில்லை.

கிழக்கு கடற்கரைச் சாலை: தேசிய நெடுஞ்சாலை ஆணையம். மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை 2,157 கோடி ரூபாயில் நான்குவழிச் சாலையாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கு.

யாரிடம் போவது என்றே தெரியலையா? முதல்வரின் உதவி மையம் 1100-க்கு போன் பண்ணுங்க. அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்க. மனு எண் வாங்காமல் திரும்ப வேண்டாம்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

ஜனவரி 26 குடியரசு தினம். அன்று எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். விழுப்புரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. அதனால் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள் இன்னும் பதவியில் இருக்காங்க. 2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்க்கிறாங்க. அந்த வகையில் மரக்காணம் ஒன்றியத்து மக்களுக்குக் கேள்வி கேட்க ஒரு ஆள் எதிரில் இருக்கார்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'அறிவிக்கப்போகும் 60 நாள் இடைவெளி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரக்கூடாது.' இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்க, பதிவேட்டில் எழுதியிருக்கான்னு பார்த்துக் கையெழுத்து போடுங்க. திட்டத்தை மாநில அரசு வகுக்கும் முன்னால் போனால்தான் இந்தத் தீர்மானத்துக்கு மதிப்பு.

அதோடு, இப்போதைய சட்டப்படியே ஒரு உரிமை இருக்கு. வேலை கேட்டு எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்தால் தேதி போட்ட ரசீது தரணும். 15 நாளுக்குள் வேலை தரலைன்னா வேலையில்லாப் படி தரணும். ரசீது இல்லாவிட்டால் இந்த உரிமையை நிரூபிக்க முடியாது.

பேரூராட்சிக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அதற்குப் பதில் வார்டு குழு, பகுதி சபா என்று இரண்டு அமைப்பு. 2022-ல் இதற்கான விதிகள் வந்தன. வார்டு கவுன்சிலர்தான் கூட்டம் நடத்தணும். உங்க வார்டில் கடைசியாக எப்போது நடந்தது என்று அவரிடமே கேளுங்க. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை மரக்காணத்துக்கும் கொண்டுவரணும் என்ற கோரிக்கையை அங்கே வைக்கலாம், பேரூராட்சி மன்றமும் அதைத் தீர்மானமாக அனுப்பலாம்.

இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவான வேலை ஒன்று இருக்கு. வீட்டில் நல வாரிய அட்டையை எடுத்து, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்க. அட்டையே இல்லைன்னா, சீசன் வேலை சூடுபிடிக்கும் முன்னாலேயே பதிவு பண்ணுங்க. அக்டோபரில் மேகம் கறுக்கும்போது அட்டையைத் தேடினால் அந்த வருஷத்து 5,000 ரூபாய் கை நழுவிடும்.

ஊர் எல்லையை மாற்றுவதோ, உப்பைப் பயிர் என்று அறிவிப்பதோ சென்னையிலும் டெல்லியிலும் எடுக்க வேண்டிய முடிவு. அதற்குக் காலம் ஆகும். ஆனால் 60 நாள் எந்த மாதத்தில் வரணும் என்ற கோரிக்கையை மரக்காணத்திலேயே எழுத முடியும், அதுவும் இந்த மாதமே எழுத முடியும்.